முழங்காலில் குடியிருக்கும் ஆணவம்

கிழக்குத் தாம்பரத்தில் மூன்று தெருவுக்கு ஓர் உறுப்பு ஞானி இருப்பார். உங்களுக்கு என்ன நோவு என்று டாக்டர் சொல்வார். அந்த நோவுக்கு என்ன அர்த்தம் என்று இவர் சொல்வார். ஃபீஸ் கிடையாது. நிறுத்தவும் முடியாது.

ரயில்வே கிளார்க்காக இருந்து ரிட்டயரான ஆபேல் இந்த ஜாதியில் முதல் தரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற மனித உடல் சார்ட்டை வாங்கி ஹாலில் மாட்டி, அதைப் பார்த்தே தத்துவம் படித்தவர். யாருக்காவது ஆபரேஷன் என்றால் தையல் பிரிப்பதற்குள் நாலு சாத்துக்குடியோடு வந்து நிற்பார். கல்லீரல் வீங்கினால் அடக்கி வைத்த கோபம், கழுத்துப் பிடித்தால் அக்கம்பக்கம் பார்க்காத சுயநலம், பித்தப்பையில் கல் என்றால் மன்னிக்காத பழைய பகை, அதிலும் எத்தனை கல்லோ அத்தனை ஆள் என்று கணக்கு. படுத்திருப்பவன் எழுந்து ஓடவா முடியும்?

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு முழங்கால். ஆணவம் அங்கேதான் குடியிருக்கிறதாம். சபையில் ரிட்டயர்ட் டீச்சர் ரத்தினபாய் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தே ஜெபிப்பார். நாலு பேர் முன்னால் ஆபேல் சொன்னார்:

“முட்டி தேயலக்கா. உள்ள இருக்கிற ‘நான்’தான் மடங்க மாட்டேங்குது.”

அந்த அம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் நின்று பாடம் நடத்தியவர்.

போன மழையில் ஆபேலுக்கே வலது முட்டி பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் ஆணவம் யாருக்கு? கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்த்தார். வாசனையைப் பற்றி மனைவி சுஜி கேட்டதற்கு, கொசுவுக்கு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைப் போதகர் ஐயர் எல்லாரையும் முழங்கால்படியிடச் சொன்னார். முன்வரிசையில் ஆபேல் தடாலென்று இறங்கினார். ஜெபம் முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். ஆபேலின் முட்டி எழவில்லை.

காணிக்கைப் பை அவர் தலைக்கு மேலே போனது. பெண்கள் ஐக்கியம் வண்டலூர் ஜூவுக்குப் போகிற அறிவிப்பும் முடிந்தது. ஆபேல் அப்படியே. நெற்றியில் வியர்வை, கண்ணில் நீர். ஐயர் அதைப் பார்த்தார். இப்படி ஒரு ஜெபவீரர் நம் நடுவில் இருக்கும்போது நமக்கென்ன அவசரம் என்று சபை முழுவதையும் மறுபடி முட்டி போட வைத்துவிட்டார். வீட்டில் பிரியாணி காத்திருந்தவர்கள் பெருமூச்சோடு இறங்கினார்கள்.

எல்லாரும் கண் மூடியிருக்க, சேரில் இருந்த ரத்தினபாய் மட்டும் பார்த்தார். ஆபேலின் விரல்கள் பெஞ்சைப் பிடித்திருந்த பிடி ஜெபத்துக்கானது இல்லை. சேரை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி முன்னால் வந்தார். காதோரம் குனிந்தார்.

“எந்த முட்டி?”

“வலது.”

“வலியா, தத்துவமா?”

ஆபேல் ஓரக்கண்ணால் சபையைப் பார்த்தார்.

“வலிதான்க்கா.”

“அப்ப சேரைப் புடி.”

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறு வாரமே, இடுப்புப் பிடித்துக் கிடந்த ஷ்யாம்சுந்தர் வீட்டில் சாத்துக்குடியோடு ஆஜர். முழங்கால் கொள்கையில் ஒரு சின்னத் திருத்தம்: மடங்க மறுத்தால் ஆணவம், மடங்கியது நிமிர மறுத்தால் அளவு மீறிய பணிவு.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் போன வாரம் ஒருவர் தலை வலிக்கிறது என்றபோது, ‘நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க, அதான்’ என்று நீங்கள் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

ஆபேலாவது சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனார்.