பேண்டேஜ் அண்ணாச்சியும் முன்சீட்டும்

கொல்கத்தாவில் சுடுகிற பொருள் எதையும் சும்மா விட்டுவிட்டுப் போகத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் பேண்டேஜ் அண்ணாச்சிதான். குக்கரின் கைப்பிடி, வெந்நீர்க் குழாய், இஸ்திரிப் பெட்டி, பால் சட்டியின் விளிம்பு என்று கையில் கிடைத்ததற்கெல்லாம் கட்டுப் போட்டுவிடுவார். முதன்முதலாக அவர் வீட்டுச் சமையலறையில் நுழைந்தபோது, எலும்பு முறிவு வார்டுக்குள் வந்துவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தெருமுனை டீக்கடையில் மண் குவளையைக் கையில் வாங்கியதும் பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்துச் சுற்றுவார். குடித்து முடித்து எல்லோரும் குவளையை வீசி எறியும்போது, இவர் மட்டும் நின்று நிதானமாக நாடாவை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

பெஹாலாவில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டில் எங்களைத் தவிர அவர்கள் ஒரு வீடுதான் தமிழ். அண்ணாச்சிக்குத் தூத்துக்குடி. கிடர்பூர் கப்பல் பட்டறையில் வேலை. கப்பலின் இஞ்சின் அறையில் புகை போகும் குழாய்கள் தொட்டால் தோல் உரிந்துவிடும் சூட்டில் இருக்குமாம். அந்தச் சூடு வெளியே வராமல் குழாய்களுக்கு உறை சுற்றுவதுதான் அவர் வேலை. பகலெல்லாம் சுற்றிய கை வீட்டுக்கு வந்தும் அடங்காது. அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, வாசல் பலகையிலும் அதுதான் எழுதியிருந்தது. ஆனால் அக்கம்பக்கத்து வங்காளிகளுக்கு அவர் பேண்டேஜ்-தா, அதாவது பேண்டேஜ் அண்ணன். அவர் மனைவி அவர்களுக்கு பௌதி, பாளையங்கோட்டைக்காரியான எனக்கு மதினி. இரண்டு சொல்லும் ஒரே உறவுதான்.

அண்ணாச்சியிடம் ஒரு பழைய வெள்ளை வேன் இருந்தது. முன்சீட்டுக்கு நேர் அடியில் இஞ்சின் இருக்கிற அந்தக் கால வகை. ஓட்டுகிறவருக்கும் சூடு, பக்கத்தில் உட்காருகிறவருக்கு இன்னும் சூடு. புகைக்குழாய் அந்தப் பக்கமாகத்தான் வளைந்து போகிறது. கப்பல் சூட்டில் காய்ந்த அண்ணாச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை. மதினி பாவம், இட்லிக் கொப்பரை மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி நெளிந்துகொண்டேதான் போவார். பின்சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். ஒரு மே மாதத்து நெரிசலில் தாராதலா சந்திப்பில் வண்டி நகராமல் நின்றபோது, மதினி கதவைத் திறந்து இறங்கினார்.

"இனிமே ஒங்க பக்கத்துல நான் உக்கார மாட்டேன். நீங்க வண்டில வாங்க, நான் பஸ்ல வாரேன்."

சொன்னதைச் செய்தும் காட்டினார். ஞாயிறு காலையில் இருவரும் லேக் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார்கள். மதினி பஸ்ஸில் ஏறுவார். அண்ணாச்சி காலி வேனை ஓட்டிக்கொண்டு அதே பஸ்ஸின் பின்னாலேயே போவார். திரும்பும்போது முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வேனில் சொகுசாக வரும், மதினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார். வண்டியை விற்றுவிடுங்களேன் என்று என் கணவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். ஒரு குழாய் சுடுகிறது என்பதற்காக யாராவது கப்பலை விற்பார்களா என்று அண்ணாச்சி கேட்டுவிட்டார்.

பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் வேனும் நின்றதில் வேறு ஒரு தொல்லை முளைத்தது. ஜனங்கள் அதை ஷேர் வண்டி என்று நினைத்து ஏற ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கையில் மீன் பையோடு ஒரு அம்மாள் நேராக முன்கதவைத் திறந்து மதினியின் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கே நிறுத்த வேண்டும், எப்படி இறக்க வேண்டும் என்று தெரியாமல் அண்ணாச்சி ஓட்டினார். பஸ்ஸின் பின் ஜன்னல் வழியாக மதினி பார்த்துக்கொண்டே போனார். அடுத்த நிறுத்தத்திலேயே அந்த அம்மாள் "பாபா ரே, கீ கொரொம்" என்று புடவையை உதறிக்கொண்டு இறங்கி ஓடினார். அம்மாடி, என்ன சூடு என்று அர்த்தம். அன்றைக்கு வீடு வந்த மதினிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு ஸ்டாப்புக்கு மேல் யாராலும் தாங்க முடியாது என்பது நிரூபணம் ஆகிவிட்டதாம்.

அண்ணாச்சிக்கு இது பெரிய அடி. எத்தனையோ கப்பல்களின் சூட்டை அடக்கியவர், சொந்த மனைவிக்கு ஒரு சீட்டைக் குளிர வைக்க முடியவில்லை. படிக்கட்டில் என்னைப் பார்த்தபோது, "தங்கச்சி, ஒங்க மதினி எம் பக்கத்துல உக்காராம நான் விட மாட்டேன்" என்றார். வேனின் புகைக்குழாய்க்கே கட்டுப் போடுவது என்று அப்போதே முடிவு செய்திருந்தார்.

எனக்கு எதிலும் கொஞ்சம் மூக்கை நுழைத்துப் பார்க்க வேண்டும். வண்டிச் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் தேடி அதற்கான நாடாச் சுருளை அவர் வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை, கீழ்த்தளத்தில் வேனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி இழையில் நெய்த பட்டை அது. பார்க்க நாடாக் கட்டில் நாடா மாதிரி இருக்கும். ஓட்டப் பந்தயக் கார்க்காரர்கள்தான் இதை அதிகம் சுற்றுவார்களாம். குழாயைப் போர்த்திவிட்டால் இஞ்சின் இன்னும் சூடாகாதா என்று கேட்டேன். வேனுக்கு அடியில் படுத்தபடியே விளக்கினார். புகை தன் சூட்டோடேயே வேகமாக வெளியே ஓடிவிடும், சூடு குழாய்க்குள்ளேயே இருக்கும், சுற்றி இருக்கிற இடம் தப்பிக்கும். சுற்றுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், அப்போதுதான் காய்ந்ததும் இறுகப் பிடிக்கும். பாதிக்குப் பாதி மேலே ஏற்றிச் சுற்றி, எஃகுப் பட்டியால் கட்ட வேண்டும். எனக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. மதினிக்குப் புரியாத ஒரே விஷயம், அதை இட்லி அரிசி ஊறப்போடும் அண்டாவில் ஏன் ஊறப்போட்டார் என்பதுதான்.

கண்ணாடி இழை உடம்பில் பட்டால் அரிக்கும். அதனால் முழுக்கைச் சட்டை, கையுறை, வாயில் துணி, தலையில் மங்கி குல்லா என்று சகல பாதுகாப்போடும் இருந்தார் அண்ணாச்சி. வெயில் கொளுத்துகிற ஜூன் மாதம். ஃபிளாட்டின் செக்ரட்டரி பாபு, ஐப்பசி பிறந்த உடனே தானே மங்கி குல்லா போட்டுக்கொள்கிறவர், இறங்கி வந்து பார்த்தார்.

"டாண்டா லேகேச்சே, தாதா?" என்று பரிவோடு கேட்டார். சளி பிடித்துவிட்டதா என்று விசாரிக்கிறார். இந்த மதராஸிக்காரருக்கு ஒரு வழியாகப் புத்தி வந்துவிட்டது என்ற திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

புதிதாகச் சுற்றிய பட்டை முதல் தடவை சூடேறும்போது புகையும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். கப்பலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஃபிளாட்டிலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டார். மாடி வீடுகளில் சங்கு ஊதி விளக்கேற்றுகிற சாயங்கால நேரம் பார்த்து வண்டியைக் கிளப்பினார். அடியிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பி, படிக்கட்டு வழியாக மூன்றாம் மாடி வரை ஏறியது. ஊதிக்கொண்டிருந்த சங்கு பாதியில் நின்றது. அடுத்த நிமிஷம் ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு மொத்த ஃபிளாட்டும் கீழே இறங்கியது. அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்து வேனுக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஜொல் நா, ஜொல் நா, தண்ணி வேண்டாம், குழாய் விரிசல் விட்டுரும்" என்று தமிழையும் வங்காளத்தையும் பிசைந்து கெஞ்சினார். கேட்டவர்கள் பாதிப்பேர் நிறுத்தினார்கள். மீதிப்பேர் தண்ணீரை அவர் மேல் ஊற்றினார்கள்.

புகை அடங்கியது. மதினி மொட்டை மாடியில் உலர்த்தியிருந்த துணியை எல்லாம் மறுபடி துவைத்துவிட்டு வந்து, முன்சீட்டில் கையை வைத்துப் பார்த்தார். கை பொறுக்கிற சூடுதான். அடுத்த ஞாயிறு வருவதாக ஒப்புக்கொண்டார். அண்ணாச்சிக்கு அந்த வாரம் தரையில் கால் பாவவில்லை.

அத்தோடு சும்மா இருந்திருந்தால் அவர் அன்றைக்கே ஜெயித்திருப்பார். ஆனால் சுருளில் கொஞ்சம் பட்டை மிச்சம் இருந்தது. மிச்சத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. மனைவிக்குக் கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அதை முன்சீட்டின் உறைக்கு அடியில் வரிசையாக விரித்துவிட்டார். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு நான் பின்சீட்டில் இருந்தேன். தாராதலா தாண்டும் வரை மதினி மகாராணி மாதிரி வந்தார். அண்ணாச்சி சாலையை விட்டு அவரையே பார்த்து ஓட்டினார். நியூ அலிப்பூர் வந்தபோது மதினி சற்று அசைந்து உட்கார்ந்தார். சேத்லாவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், நடுத்தெரு என்றும் பாராமல் சொறிந்துகொள்ள ஆரம்பித்தார். தேங்காய் எண்ணெயும் புளித்தண்ணீரும் பூசி அரிப்பு ஓயப் பல நாள் ஆனது. சூட்டிலாவது நியாயம் உண்டு என்று மதினி என்னிடம் சொன்னார். மறு ஞாயிறு வேன் மறுபடி பஸ்ஸின் பின்னால் போனது.

பிறகு மழை வந்தது. பெஹாலாவில் மழை வந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அது போவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். கப்பலில் தண்ணீர் எல்லாம் வெளியேதான், இஞ்சின் அறைக்குள் உறை காய்ந்தே இருக்கும். இங்கே உறையே ஊறிப்போனது. ஊறிய பட்டை நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, குழாயை உள்ளுக்குள்ளேயே துரு தின்ன விட்டது. மேலே பார்த்தால் கட்டு கிண்ணென்று இருக்கிறது, அடியில் குழாய் அப்பளம் ஆகிக்கொண்டிருக்கிறது. ஒரு காலை செக்ரட்டரி பாபுவின் ஜன்னலுக்கு நேர் கீழே அது இரண்டாக முறிந்தது. அந்தச் சத்தத்தில் அவர் கையிலிருந்த டீ அவர் மடியிலேயே கொட்டியது.

முறிந்த குழாயைக் கழற்றி எடுத்து அண்ணாச்சி வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலையும் பெஹாலாவையும் ஒன்றாக நினைத்துவிட்டேன் தங்கச்சி என்று மெதுவாகச் சொன்னார். அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. புதுக் குழாய் மாட்டினார், கட்டுப் போடவில்லை. அதற்குப் பிறகு டீக்கடையிலும் வெறுங்கையால்தான் குவளையைப் பிடித்தார்.

அந்த வருஷ முடிவில் அவருக்கு ஓய்வு வந்தது. ஊருக்குக் கிளம்புகிறார்கள். சாமான் எல்லாம் முன்பே லாரியில் போய்விட்டது. வேனை எங்களிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அன்று சாந்த்ராகாச்சியில் ரயில் ஏற, மதினிக்கென்று அண்ணாச்சியே ஒரு டாக்ஸி கூப்பிட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்.

"நீ டாக்ஸில வா. நான் பொட்டிய ஏத்திக்கிட்டுப் பின்னால வாரேன்" என்றார், மதினி முகத்தைப் பார்க்காமல்.

மதினி படியிறங்கி வந்தார். கையில் ஒரு மரப் பலகை. சாப்பிட உட்காருவோமே, அந்த மணை. அதை வேனின் முன்சீட்டில் போட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி அதன் மேல் உட்கார்ந்தார். கல்யாணப் பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்ததில் தலை கூரையை இடித்தது. டாக்ஸியில் பெட்டிகள் போயின, கூட என் கணவர் போனார். நான் வேனின் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். கிடர்பூரில் லாரிகள் வழக்கம் போல வழியை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி நகரவில்லை, மதினியும் இறங்கவில்லை. பாலத்தில் ஏறி ஹூக்ளியைக் கடக்கும்போது அண்ணாச்சி ஒரே ஒரு தடவை கேட்டார்.

"சுடுதா?"

"சுடல. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஸ்டேஷனில் அண்ணாச்சி தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் நான் மதினியைப் பிடித்துக்கொண்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்த மணை வீட்டிலேயே இருந்ததே, முதல் நாளே எடுத்துப் போட்டிருந்தால் இத்தனை பாடு உண்டா என்றேன். மதினி அண்ணாச்சி போன திசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவிய கப்பலுக்குத்தான் எல்லாம் பாத்துப் பாத்து செஞ்சாவ. எனக்குன்னு மெனக்கெட்டது இந்த ஒரு விசயத்துக்குத்தான். மணையப் போட்டு உக்காந்துட்டா, அதோட நின்னுருமே. இப்ப அவியளே கைய விட்டுட்டாவ, இனி நான் ஏறலேன்னா யாரு ஏறுவா?" கூடவே, "அவியட்ட சொல்லிராத" என்றார்.

அண்ணாச்சி வந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை மதினியிடம் நீட்டும்போது, வெயிலில் சூடாகியிருக்கிறதா என்று தன் கன்னத்தில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ரயில் கிளம்பிப் போனது.

மதினிக்குக் கொடுத்த வாக்கை இத்தனை நாள் காப்பாற்றினேன். அண்ணாச்சி பத்திரிகை படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில் இப்போது எழுதிவிட்டேன். தூத்துக்குடியில் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டினால் காட்டட்டும், அந்த மனிதருக்கும் தெரியட்டும்.