சூரியப் பவளமும் அலுவலக நேரமும்

மன அமைதி இல்லாமல் எந்த அலுவலகமும் இயங்கக்கூடாது என்று மேலிடம் முடிவு செய்தது. அதுவரை எங்கள் அலுவலகம் எப்படி இயங்கியது என்று யாரும் கேட்கவில்லை. இயங்கியதா என்றும் கேட்கவில்லை.

எங்களுடையது கடைக்காரர்களின் எடைக்கற்களைச் சரிபார்த்து முத்திரை குத்தும் அலுவலகம். நான் அங்கே இரவுக் காவலாளி. மாலை ஆறு மணிக்குச் சாவியை வாங்கினால் காலை ஒன்பதுக்குத்தான் திருப்பிக் கொடுப்பேன். என் மனைவி அதே அலுவலகத்தில் தட்டச்சர். காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஆறுக்குப் போவாள். ஆகவே எங்கள் இல்லறம் அலுவலக வாசல் கேட்டில் நடந்தது. காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம். டிபன் டப்பா கைமாறும், வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று விசாரிப்போம், பிரிவோம். வார விடுமுறை அவளுக்கு ஞாயிறு, எனக்குப் புதன். பகல் பணி கேட்டு நான் கொடுத்த மனு பதினோரு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது. மனுவையும் அதன் ஒன்பது நினைவூட்டல்களையும் டைப் அடித்தவள் அவளேதான்.

அந்த வருஷம் இயக்குநர் அம்மா ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்தார். முந்தின முகாமுக்குப் பிறகு நாங்கள் ஆறு மாதம் நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டே வேலை பார்த்தோம். இந்த முறை உப்புநீர்த் தொட்டி. "ஒவ்வொரு ஊழியரும் அலுவலக நேரத்தில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் தொட்டியிலுள்ள பவள உயிரினத்தை உற்றுநோக்கி, 'அமைதி பெற்றேன்' எனப் பதிவேட்டில் கையொப்பமிடுதல் வேண்டும்" என்றது சுற்றறிக்கை.

"இதைப் பத்தி யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் இயக்குநர் அம்மா.

நான் கையைத் தூக்கினேன். இரவெல்லாம் எடைக்கற்களோடு தனியாக இருப்பவன் வேறென்ன செய்வான்? படிப்பேன். யாரும் கேட்காத விஷயங்களில் எனக்கு நல்ல தேர்ச்சி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார். கை தானாக எழுந்துவிட்டது.

"தொட்டி நல்லபடியா வந்துட்டா, உங்க பகல் பணி மனுவுல நானே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அன்று மாலை கேட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி டிபன் டப்பாவைக் கொடுக்கவே மறந்துவிட்டாள்.

அறுபது லிட்டர் தொட்டி வாங்கினோம். "சின்னத் தொட்டிதான் சார் பெரிய தலைவலி. கொஞ்சம் தண்ணி, சட்டுனு கெட்டுப்போகும்" என்றார் மீன் தொட்டிக் கடைக்காரர். படித்தவனுக்கே பாடமா என்று சிரித்தேன். உப்பைக் கரைக்கும் நாளில், கண்ணாடிப் பெட்டியில் பூட்டியிருந்த மூல எடைக்கல்லை மூன்று கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்து, ஒரு மில்லிகிராம் பிசகாமல் உப்பை நிறுத்தோம். தண்ணீரைப் பக்கெட்டில் சுமாராக ஊற்றினோம்.

தலைமை எழுத்தர் வந்து பார்த்தார். எந்தத் தாளை நீட்டினாலும் 'இணைப்பு எங்கே?' என்று கேட்பதால் அவருக்கு 'இணைப்பு' என்றே பெயர்.

"உள்ளே என்னய்யா இருக்கு?"

"கல்லு, மணல், உப்புத்தண்ணி சார். ஆறு வாரம் இப்படியேதான் இருக்கணும். கண்ணுக்குத் தெரியாத கிருமி வளரும். அதுதான் அழுக்கைத் தின்னு தண்ணியைச் சுத்தமா வெக்கும்."

"எத்தனை கிருமி?"

"எண்ண முடியாது சார். கோடிக்கணக்குல இருக்கும்."

"தோராயம் எல்லாம் வேணாம், நாம எடை அலுவலகம்." கொஞ்சம் யோசித்தார். "இருப்புப் பதிவேட்டுல ஒண்ணுனு ஏத்து. செத்தா கழிச்சுக்கலாம்."

ஆறு வாரமும் ஊழியர்கள் வரிசையில் நின்று வெறும் கல்லைப் பார்த்து அமைதி பெற்றார்கள்.

அடுத்து பவளம். பவளத்துக்குப் பலமான விளக்கு வேண்டும். 'சன்னல் வழியே போதுமான சூரியன் வழங்கப்பட்டுள்ளது' என்று மின்பிரிவு மறுத்துவிட்டது. நான் சளைக்கவில்லை. மூன்று புத்தகங்களைப் புரட்டி, வெளிச்சமே தேவைப்படாத ஒரு வகையைக் கண்டுபிடித்தேன். பெயர் சூரியப் பவளம். சூரியனுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாயில் தீனி வைத்தால் போதும். அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் 'இரவில் விரியும்' என்று போட்டிருந்தது. எனக்கு எல்லாமே இரவில்தான் நடக்கிறது. அதனால் அந்த வரியில் ஒரு விசேஷமும் தெரியவில்லை.

திறப்பு விழா காலை பதினொரு மணிக்கு. இயக்குநர் அம்மா துணியை விலக்கினார். கல்லின்மேல் ஆரஞ்சு நிறத்தில் பத்துப் பதினைந்து மருக்கள்.

"என்ன இது, காய்ஞ்சுபோன பழத்தோல் மாதிரி?"

"சுருங்கியிருக்குங்க மேடம். ராத்திரி விரியும்."

"அலுவலக நேரத்துல விரியாதா?"

"அதுக்கு நம்ம அலுவலக நேரம் தெரியாதுங்க."

"எழுத்து மூலமா தெரிவிச்சீங்களா?" என்றார் இணைப்பு.

அன்று மாலை இயக்குநர் அம்மா வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். இருட்டியது. ஒவ்வொரு மருவிலிருந்தும் மெல்ல ஒரு மஞ்சள் பூ எழுந்து, விரல் விரலாக இதழ் நீட்டி, இல்லாத காற்றில் அசைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பகல் பணி கைக்கு வந்தாயிற்று என்று நினைத்தேன்.

வந்தது. சொன்ன சொல் தவறாதவர் அவர். மறுநாளே இரண்டு உத்தரவுகள். முதலாவது: ஊழியர்கள் விரிந்த பவளத்தை அலுவலக நேரத்தில் பார்க்க வேண்டியிருப்பதாலும், பவளம் இரவில் விரிவதாலும், இனி அலுவலக நேரம் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை. இரண்டாவது: காவலாளியின் மனு கனிவுடன் ஏற்கப்பட்டு, அவருக்குப் பகல் பணி வழங்கப்படுகிறது.

முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு அதே கேட். அவள் உள்ளே வந்தாள், நான் வெளியே போனேன்.

"பகல் வேலை கெடச்சிருச்சே, சந்தோஷமா?" என்றாள்.

"டைப் அடிச்சவ நீதானே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"முதல்ல உங்க உத்தரவைத்தான் அடிச்சேன். அடிச்சுட்டு எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தேன். அப்புறம்தான் மத்த தாள் வந்துச்சு." டப்பாவை என் கையில் திணித்தாள். "ஆமா, அது எதுக்கு விரியுது?"

"பசிக்கு. தீனி வரும்னு விரியுது."

"எப்பப் போடறீங்க?"

"ராத்திரி ஒன்பதுக்கு, சாவி கை மாறுறதுக்கு முன்னாடி."

"பகல்ல போடுங்க. நேரத்துக்குச் சாப்பிட உங்களையே பழக்கியிருக்கேன், அது என்ன பெரிசா?"

அவள் சொன்னது சரி. புத்தகத்திலும் இருந்தது, அடுத்த பக்கத்தில். தினமும் காலை பதினொரு மணிக்கு இறால் துணுக்கைச் சொட்டுக்குழாயால் அதன் வாயருகே கொண்டுபோனேன். இரவுப் பட்டினி. முதல் வாரம் அசையவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பூ எட்டிப் பார்த்தது. ஐந்தாவது வாரம் பதினொரு மணி அடித்ததும் மொத்தமும் விரிந்தது. தீனி தீர்ந்ததும் சுருங்கிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம். இரவில் எத்தனை அதிகாரிகள் வந்து நின்றாலும் வெறும் மரு மட்டும்தான்.

பவளம் இப்போது பகலில் விரிகிறது, அலுவலகமும் பகலுக்கே திரும்பலாம் என்று அறிக்கை எழுதினேன். அவளே டைப் அடித்தாள். இனி ஒரே பஸ், ஒரே விடுமுறை. குழாயைச் சேர்ந்தே நின்று பழுதுபார்க்கலாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

உத்தரவு வந்தது. பவளம் காலை 11.00 முதல் 11.10 வரை விரிவதால் அலுவலக நேரம் காலை 11.00 முதல் 11.10 வரை. அலுவலக நேரம் தவிர்த்த பிற நேரங்களில் காவலாளி பணியில் இருப்பார். அவர் வசதிக்காகத் தொட்டியருகே ஒரு கட்டில்.

ஊழியர்கள் இவ்வளவு அமைதியை எப்போதும் பெற்றதில்லை. பொதுமக்களிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. விசாரித்ததில், நேரம் மாறியதே பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர், முன்பும் அவ்வளவு நேரம்தானே வேலை நடந்தது என்றார்களாம். பக்கத்து அலுவலகங்கள் நான்கு, தங்களுக்கும் ஒரு தொட்டி வேண்டும், அதே வகைப் பவளம்தான் வேண்டும் என்று எழுதியிருக்கின்றன. வல்லுநர் என்ற முறையில் என்னைத்தான் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

தினமும் பதினொரு மணிக்கு அவள் வருகிறாள். டப்பாவைக் கொடுக்கிறாள். குழாய் இன்னும் ஒழுகுகிறதாம். தொட்டி முன்னால் இரண்டு பேரும் நிற்கிறோம். அது விரிகிறது. அவள் பதிவேட்டில் 'அமைதி பெற்றேன்' என்று கையெழுத்துப் போடுகிறாள். காவலாளிக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை. அதனால் அவள் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்னதாக நானும் போட்டுக்கொள்கிறேன்.

பதினொன்று பத்துக்குச் சுருங்கிவிடுகிறது.