உப்புப் பாறையில் மச்சான்

அன்று அந்த மலையில் இருந்தவர்கள் இவர்கள்தான்.

நான். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை சுமப்பவன். என் மனைவியின் அண்ணன் சுலைமான் மச்சான். உப்பும் கருவாடும் விற்கிற கடையில் கணக்குப் பார்ப்பவர். (பார்ப்பார். எழுதுவது வேறு ஆள்.) போடிப் பக்கத்து மாட்டுக்காரர் ஒச்சப்பன். பக்கத்து மேட்டில் கிடை போட்டிருந்த இன்னொரு மாட்டுக்காரர் வீரணன். ஒச்சப்பனின் நாய். இரண்டு பேருடைய மாடுகளும் மலை நிறைய. கீழே சேற்றுப் பள்ளத்தில் என் லாத்தாவின் சினை எருமைகள்.

வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக் கட்டிப் போட்டிருப்பார்கள்.

லாத்தா என்றால் அக்கா. புருஷன் மௌத்தான பிறகு எருமைப் பாலைச் சாயாக் கடைகளுக்கு ஊற்றித்தான் பிள்ளைகளை வளர்த்தாள். ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. கோடையில் மட்டாஞ்சேரியில் மனிதனுக்கே குடிதண்ணீர் வள்ளத்தில் வரும். தோட்டுத் தண்ணீர், அதாவது வாய்க்கால் தண்ணீர், உப்பாகிவிடும். புல் கருகிவிடும். பால் வற்றிய சினை எருமைக்கு அங்கே என்ன போடுவது? அதனால் மாசி மாதத்தில் அவற்றை நடத்தியே கொண்டுபோய் மூணாறுக்கு மேலே புல்மேட்டில் ஒச்சப்பனிடம் விடுவோம். அவரும் அதே மாதத்தில் தன் மாடுகளைக் கிழக்கேயிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். வைகாசி நடுவில் பிடிக்கிற எடவப்பாதி மழைக்கு முன்னால் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். அவர்கள் போடிக்கு. நாங்கள் கொச்சிக்கு.

இறங்காவிட்டால் என்ன? மழையும் குளிரும் சேர்ந்து அடிக்கிற மேட்டில் பிறந்த கன்று பிழைக்காது. கன்று இல்லாவிட்டால் எருமை பால் சுரக்காது. பால் இல்லாவிட்டால் லாத்தா வீட்டில் அடுப்பு இல்லை. இவ்வளவுதான் விஷயம். எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் அவற்றை இறக்கிக்கொண்டு வர நானும் ஒரு கூலி ஆளும் போவோம். அந்த வருஷம் மச்சான் வருகிறேன் என்றார். மலை தனக்கு அத்துப்படி என்றார். (கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் பிரியாணி தின்றுவிட்டு வந்தவர். அங்கிருந்து மலை தெரியுமாம்.) கூலி ஆளை நிறுத்திவிட்டார். வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, அத்தர். எருமை பிடிக்கப் போகிறவர் பூசிய அத்தர்.

கிளம்பும்போது கடையிலிருந்து ஒரு சாக்கு உப்பைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். கிடங்கில் கூட்டி அள்ளிய உப்பு. கருவாட்டு நாற்றம். எதற்கு என்று கேட்டேன்.

"மாப்ளே, எருமைய ஓடிப் பிடிக்கணுமா? லாத்தா கஞ்சித்தண்ணியில உப்பு போட்டு நீட்டுனா எப்படி வருது? கொஞ்சம் உப்பு விசிறு. அதுவா வந்து நிக்கும்" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

அந்த ஏனுக்கு என்னிடம் பதில் இருந்தது. மாசியில் எருமைகளை விடப்போனபோது ஒச்சப்பன் சொல்லியிருந்தார். மலையில் வேலி கிடையாது. உப்புதான் வேலி. ஒவ்வொரு மாட்டுக்காரருக்கும் ஒரு பாறை உண்டு. தன் பாறையில், தன் குரலில் கூப்பிட்டு, தன் மாட்டுக்கு மட்டும் உப்பு வைப்பார். அதை நம்பித்தான் மாடு அந்தப் பாறையைச் சுற்றியே மேயும், அடுத்தவர் கிடையில் சேராது. பாறையைத் தவிர வேறு இடத்தில் ஒரு கல் உப்புக்கூட விழக் கூடாது.

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தொப்பும்படிப் பாலம் ஏறுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம். நான் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது கெட்டிக்காரத்தனம் என்று அந்த வயதில் ஒரு நினைப்பு. மனைவியின் அண்ணனிடம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்றும் நினைப்பு. ஒரு வார்த்தை சொன்னேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். மூட்டையை நேரியமங்கலம் தாண்டி, அடிமாலி தாண்டி, மூணாறு தாண்டிச் சுமந்தேன். சுமக்கிறது என் தொழில். யோசிக்கிறது மச்சான் தொழில். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். கடிக்கப் பல்தான் அதிகம் இல்லை.

மேட்டை அடைந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. ஒச்சப்பனும் வீரணனும் அன்றே இறங்க ஆயத்தமாக இருந்தார்கள். கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பலாம், அதற்குள் எருமைகளைப் பள்ளத்திலிருந்து ஏற்றுங்கள் என்று ஒச்சப்பன் சொன்னார். சொல்லிவிட்டுக் குடிசைக்குள் போனார்.

மச்சான் சுற்றிப் பார்த்தார். இரண்டு கிடைக்கும் நடுவே ஒரு வழி. "இங்கதான் தோதான இடம்" என்றார். நான் மூட்டையை இறக்கிச் சாக்கின் வாயை அவிழ்த்தேன். ஆம், நான்தான் அவிழ்த்தேன். மச்சான் இரண்டு கையாலும் அள்ளி, பெருநாள் அன்று பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுகிற மாதிரி வீசினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் அள்ளினார். மறுபடியும் துடைத்தார்.

முதலில் ஒரு மணிச் சத்தம். பிறகு பல மணிச் சத்தம். பிறகு மணி எது குளம்பு எது என்று தெரியாத சத்தம். ஒச்சப்பனின் மாடுகள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தன. வீரணனின் மாடுகள் இந்தப் பக்கத்திலிருந்து வந்தன. நாங்கள் நடுவில்.

எருமைகள் வரவில்லை. சேற்றுக்கு மேலே மூக்கை மட்டும் நீட்டி எங்களைப் பார்த்தன. பிறந்ததிலிருந்து மட்டாஞ்சேரித் தோட்டுத் தண்ணீர் குடித்தவை. அவற்றிடமா உப்பு காட்டுவது?

சாக்கில் ஒரு கொம்பு மாட்டி அது கிழிந்தது. உப்பு என் கால்மேல் கொட்டியது. மாட்டின் நாக்கு அரம். என் முழங்காலில் முடி போனது அன்றுதான். ஆனால் என்னை விட மச்சானிடம் உப்பு அதிகம். ஒரு காளை சட்டையைப் பிடித்து இழுத்தது. சட்டை போனது. கைலியின் நுனியை இன்னொன்று மென்றது. மச்சான் கைலியை அதனிடமே விட்டுவிட்டு, ஜட்டியோடு ஓடி, கண்ணில் பட்ட உயரமான பாறையில் ஏறிவிட்டார்.

வழவழப்பான பாறை. வருஷக்கணக்கில் நக்கி நக்கி வழவழப்பானது. ஒச்சப்பனின் உப்புப் பாறை. அந்த மலையில் அவர் மாடுகள் தேடி வருகிற ஒரே இடம்.

மாடுகள் எல்லாம் அங்கே போய்ச் சுற்றி நின்றன. கழுத்தை நீட்டி மச்சானின் காலை நக்கின.

ஒச்சப்பன் குடிசையிலிருந்து வந்தார். பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அந்தப் பாறையில யாருய்யா ஒம்ம ஏறச் சொன்னா?"

"எறக்கி விடுங்க" என்றார் மச்சான்.

அதற்குள் வீரணனும் வந்து மாட்டுக் கூட்டத்தை ஒரு தடவை கண்ணால் அளந்தார். "எறக்காதீக. அவரு அங்கனயே நிக்கட்டும். அவரு நிக்கிற வரைக்குந்தேன் மாடும் நிக்கும். அதுக்குள்ள ஒம்மோடத என்னோடத பிரிச்சிருவம்" என்றார்.

அப்படியே மச்சானை உப்பாக வைத்து மாடு பிரித்தார்கள். பாதி பிரித்திருப்பார்கள். மழை வந்தது. எடவப்பாதி அந்த வருஷம் எங்களுக்காகவே முந்திக்கொண்டது. தரையில் கிடந்த உப்பு கரைந்தது. மச்சான்மேல் இருந்ததும் கரைந்தது. அதற்கப்புறம் மாடுகளுக்கு அவர் யாரோ. மூடுபனிக்குள் திசைக்கு ஒன்றாகப் போய்விட்டன. அந்த அமளியில் ஒரு கூட்டம் சேற்றுப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. எருமைகள் மிரண்டு சோலைக்காட்டுக்குள் ஓடின.

ஒச்சப்பன் என்னிடம் வந்தார். "ஒமக்கு மாசியிலேயே சொன்னேனேய்யா" என்றார்.

மச்சான் பாறைமேல் இருந்து கேட்டார். "அப்ப ஏன் மாப்ளே எங்கிட்ட சொல்லல?"

"வேண்டாம்னு சொன்னேன்" என்றேன்.

ஒச்சப்பன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாயோடு மழைக்குள் போனார். அவரும் வீரணனும் மாடுகளைத் தேடி முடித்து இறங்கியபோது ஆற்றில் வெள்ளம். அதற்கப்புறம் எங்கள் வீட்டு எருமையை அவர் மேய்ச்சலுக்கு ஏற்றதே இல்லை.

நாங்கள் எருமைகளைச் சோலைக்காட்டில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். மிரட்சியிலும் குளிரிலும் நாள் ஆகும் முன்பே ஈன்றிருந்தன. அட்டை மொய்த்த கன்றுகள். உயிர் இருந்த இரண்டையும் ஆளுக்கு ஒன்றாகத் தோளில் போட்டோம். மச்சானும் சுமந்தார். சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அடிமாலி வரை சுமந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம்.

லாத்தா வாசலில் நின்று பார்த்தாள். "மத்தக் கன்னுங்க எங்கடா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மச்சான் திறந்தார். எல்லாவற்றையும் சொன்னார். பாறை வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்ததும் மச்சான் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கே எனக்குப் பயம்.

அந்த மழைக்காலம் முழுக்க லாத்தா சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற கூலிக்குப் போனாள். சாயாக் கடைக்காரர்கள் வேறு இடத்தில் பால் வாங்கினார்கள்.

மச்சான் கதை சொல்லத் தொடங்கினார். முதல் வருஷம் பாறையில் நின்றது அவர். இரண்டு மூன்று வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். என் மகள் கல்யாணப் பந்தலில் சொன்னபோது பாறையில் நின்றது நான் மட்டும். ஜட்டியும் என்னுடையது. என் சம்பந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பழக்கம் போகுமா? இப்போது பேரப் பிள்ளைகள் என்னைப் 'பாறை நன்னா', அதாவது பாறைத் தாத்தா, என்று கூப்பிடுகிறார்கள். பள்ளுருத்தியில் இருக்கிற சொந்தத்துக்கு என் சொந்தப் பேர் தெரியுமா என்பதே சந்தேகம்.

மச்சான் மௌத்தாகிவிட்டார். இனி ஆள் மாற்றிச் சொல்ல அவர் இல்லை. எனக்குக் கோபம் மட்டும் இருக்கிறது. பாறையில் யார் நின்றது என்பதற்காக இல்லை. நின்றது நான் என்றே இருக்கட்டும். அந்தக் கதையை எத்தனை வாயால் கேட்டிருக்கிறேன். காளை வரும், கைலி வரும், நாக்கு வரும், சட்டை வரும். ஒருத்தர் வாயிலும் கன்று வந்ததில்லை.

மலையில் நாங்கள் குழி தோண்டிப் புதைத்த கன்றுகள், ஐந்து.