தாங்களே எடுத்துக்கொள்ளவும்

என் சொந்த அக்கா கல்யாணத்தில் முந்நூறு பேரைப் பட்டினி போட்டவள் நான். சாப்பாடு தீர்ந்துபோய்ப் பட்டினி போடுவது எந்த ஊரிலும் நடக்கும். ஆவி பறக்கும் இட்லியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, ஒருத்தர் வாயிலும் ஒரு விள்ளல்கூடப் போகாமல் பார்த்துக்கொள்வதற்குத் தனித் திறமை வேண்டும். அது என்னிடம் இருந்தது. (படித்து வாங்கிய திறமை. மூன்று வருட ஹோட்டல் மேனேஜ்மென்ட்.)

இன்றைக்கு பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு நான் ஜெனரல் மேனேஜர். நல்லம்பள்ளிப் பக்கத்துப் பெண் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தாள் என்று கேட்பவர்களிடம் உழைப்பு, விடாமுயற்சி என்று எதையாவது சொல்லி வைப்பேன். உண்மையான காரணம் மாதையன் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார்.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. ஒரு நட்சத்திர ஹோட்டலில் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதத்தில் உலகமே ஒழுங்காக நடக்கவில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா தண்ணீர் கொடுக்கும் விதம் சரியில்லை, அப்பா துண்டு மடிக்கும் விதம் சரியில்லை. அக்கா கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பந்தியில் உட்கார்த்தி இலை போடும் விதமும் சரியில்லை என்று அறிவித்தேன்.

“அப்பா, பஃபே வைக்கலாம். அவங்கவங்களுக்கு வேணுங்கறத அவங்களே எடுத்துக்குவாங்க. நான் பாத்துக்கறேன்.”

அப்பா என் படிப்புமேல் வைத்திருந்த நம்பிக்கையை வேறெதன்மேலாவது வைத்திருக்கலாம். “படிச்ச புள்ள சொல்லுது” என்று தலையாட்டிவிட்டார். சமையல்காரர் பச்சையப்பன் அண்ணன் மட்டும் கேட்டார்: “அதெல்லாம் சரி பாப்பா, சாப்பிடக் கூப்படறது யாரு?”

“யாரும் கூப்பிட வேணாங்கண்ணா. பசிச்சா வரப்போறாங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அன்றைக்கே புரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

கல்யாணம் தருமபுரியில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள். நான் பட்டுப்புடவை கட்டவில்லை. ஹோட்டலில் கொடுத்த கறுப்புக் கோட்டு, சட்டையில் பெயர் வில்லை. (அக்கா கல்யாணத்துக்குக் கறுப்புக் கோட்டு! அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது.) நீள மேசையில் வெள்ளைத் துணி, மூடி போட்ட பாத்திரங்கள், அடியில் சின்னச் சின்னத் தீ. இட்லி, வடை, பொங்கல், கேசரி. நடுவில் நானே ராத்திரியெல்லாம் செதுக்கிய தர்பூசணி அன்னப்பறவை. பக்கத்தில் ஒரு போர்டு: ‘உணவு தயார். தாங்களே எடுத்துக்கொள்ளவும்.’

ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்தது. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பிறகு நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள்.

எங்கள் பக்கத்தில், விசேஷ வீட்டுக்காரர் வந்து, கையைப் பிடித்து, முறை சொல்லி, “வாங்க சாப்பிட” என்று கூப்பிட வேண்டும். இவர் “இப்பத்தான சாப்பிட்டு வந்தன்” என்று பொய் சொல்ல வேண்டும். அவர் இன்னொரு தடவை இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. கூப்பிடாமல் போய் முதல் தட்டை எடுப்பவனை அவன் பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆறு மாதத்தில் மறந்திருந்தேன்.

எட்டு மணிக்கு முந்நூறு பேரும் என் அன்னப்பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலங்காரத்தில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஐயோ, என்ன ஒரு பெருமை எனக்கு! சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர், பெங்களூரிலிருந்து வந்த போட்டோகிராபர். எட்டு இட்லி.

மாதையன் மாமா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு, அக்காவுக்குப் போட வேண்டிய மாலையோடு வந்தவர். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறையில் உட்காருவாள். அவர் போர்டைச் சத்தமாகப் படித்தது மட்டும் எனக்குக் கேட்டது.

“தாங்களே... எடுத்துக்கொள்ளவும். ம்.”

ஒன்பது மணிக்கு அம்மா ஓடிவந்தாள். “தேனு, மாமனக் காணோம்டி! மாலைய நாற்காலி மேல வச்சிட்டுப் போயிட்டான். போன் போட்டா எடுக்க மாட்டங்கறான். சாப்பிடக் கூப்பிட்டியாடி அவன?”

“போர்டு வச்சிருக்கேனேம்மா.”

அம்மா மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டாள். மணவறைக்கு வர முடியாமல் அக்கா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். என்னால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் போகிறது, அதுவும் இட்லியால்!

சித்தப்பாவின் ஸ்கூட்டரைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். பென்னாகரம் பஸ்ஸில், ஜன்னலோரம், தோளில் துண்டோடு மாமா.

“மாமா! இறங்குங்க மாமா!”

“பஸ்ஸு நேரமாயிடுச்சும்மா. மாட்டுக்குத் தண்ணி வெக்கணும்.”

ஏறி அவர் பக்கத்தில் நின்று கெஞ்சினேன். கண்டக்டர் என் கோட்டைப் பார்த்துச் செக்கிங் என்று நினைத்து விறைப்பாகி, டிக்கெட்டுகளை எண்ண ஆரம்பித்தார். பின்சீட்டு அம்மா ஒருத்தி, “வக்கீலம்மா, எங்க கெணத்து கேசு ஒண்ணு இருக்குதுங்க” என்று என் கையைப் பிடித்தாள். நான் இரண்டு பேருக்கும் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

“மாமா, தப்புதான். வாங்க, சாப்பிட வாங்க.”

“பஸ்ல வச்சிக் கூப்படற. என்ன முறைம்மா இது?”

“நியாயந்தானுங்களே!” என்றது முன்சீட்டு. “தாய்மாமன கூப்புடாத கல்யாணமா?” என்றது பின்சீட்டு. பஸ்ஸில் பாதிப் பேர் எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியாயிற்று. அங்கேயே உடைந்துபோய் அழுதுவிட்டேன். “போர்டு எழுதத் தெரிஞ்ச எனக்கு, உங்களக் கூப்பிடத் தோணல மாமா. நான் ஒரு மக்கு. அக்கா என்ன பண்ணுச்சு?”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கண்டக்டர், நிறுத்துங்க” என்றார்.

இறங்கிய இடத்தில் எந்த வண்டியும் இல்லை. தருமபுரிக்குத் தக்காளி ஏற்றிப் போன ஒரு குட்டியானை வண்டிதான் நின்றது. தக்காளிப் பெட்டிகள்மேல் நானும் மாமாவும். “அந்தத் தர்பூசணி உனக்கு என்னாம்மா பாவம் பண்ணுச்சு?” என்று மாமா கேட்டார். அழுதுகொண்டே சிரித்தேன். மண்டபத்தில் இறங்கும்போது மணி பத்து. என் கோட்டின் பின்பக்கம் முழுக்கத் தக்காளி.

வாசலிலேயே மாமாவின் கையைப் பிடித்தேன். “மாமா, வாங்க சாப்பிட.”

“இப்பத்தான சாப்பிட்டு வந்தன்” என்றார் மாமா. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுஷன்!

“அதெல்லாம் தெரியாது, வாங்க.”

“மொதல்ல பொண்ணு. அப்பறம் இட்லி” என்று நேராக உள்ளே போய் மாலையை எடுத்தார். பத்தேகாலுக்கு அக்கா கழுத்தில் தாலி ஏறியது.

அதற்குப் பிறகு எனக்குத் தண்டனை. முந்நூறு பேரையும் நானே ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கூப்பிட வேண்டும். மாமா நான்கு வடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து முறை சொல்லிக் கொடுத்தார். “இவரு உனக்குப் பெரியப்பா. இவங்க சின்னம்மா.” தொண்டை கட்டி, தலை சுற்றி, கடைசியில் ஒரு வெள்ளை வேட்டியின் கையைப் பிடித்து, “அண்ணா, வாங்க சாப்பிட” என்றேன். அது மாப்பிள்ளை. அக்கா புருஷனை அண்ணா என்றால் அக்கா அவருக்கு என்ன ஆவாள்? மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் அத்தான் எனக்குப் போன் செய்தால், “தங்கச்சி, நல்லாருக்கியா?” என்றுதான் ஆரம்பிப்பார்.

போட்டோகிராபரையும் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டேனே என்று இன்னும் நான்கு இட்லி சாப்பிட்டார்.

அன்றிலிருந்து நான் வேலை பார்த்த எந்த ஹோட்டலிலும், காலைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நானே நின்று, வருகிறவர்களைக் கூப்பிடுவேன். ‘வித்தியாசமான வரவேற்பு’ என்று விருந்தினர்கள் எழுதி வைத்தார்கள். பதவி மேல் பதவி வந்தது. ஒரு நேர்முகத் தேர்விலும் நான் காரணம் சொன்னதில்லை.

போன வருடம் மாமாவை என் ஹோட்டலுக்கே வரவழைத்தேன். காலையில் எனக்கு முதலாளியோடு மீட்டிங். நடுவில் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கேப்டன் வந்து காதில் சொன்னான்: “மேடம், ஒரு பெரியவர் ஒரு மணி நேரமா உக்காந்திருக்கார். எதுவும் எடுக்க மாட்டேங்கறார்.”

மீட்டிங்கைப் போட்டது போட்டபடி ஓடினேன். என்ன ஆயிற்றோ என்று முதலாளியும் பின்னாலேயே வந்தார். பத்து விதத் தோசைக்கு நடுவில், கையைக் கட்டிக்கொண்டு, முன் வரிசையில் மாமா.

“மாமா, வாங்க சாப்பிட!”

“இப்பத்தான சாப்பிட்டு வந்தன்” என்று சொல்லிவிட்டு எழுந்தவர், என் முதலாளியைப் பார்த்தார். “ஐயா சாப்பிட்டாச்சுங்களா?”

“இல்லீங்க...”

“இவ கூப்பிடலியா?” மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு பஸ்ஸில் “என்ன முறைம்மா இது?” என்று கேட்டாரே, அதே பார்வை. முதலாளியின் கையைப் பிடித்தார். “இவ அப்பிடித்தானுங்க, போர்டு எழுதி வெச்சிருவா. நீங்க வாங்க.”

சொந்த ஹோட்டலில் தன்னை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டே முதலாளி மூன்று தோசை சாப்பிட்டார். அன்று சாயங்காலமே எனக்கு அவரிடமிருந்து ஒரு உத்தரவு வந்தது: இனிமேல் தினமும் காலை எட்டு மணிக்கு ஜெனரல் மேனேஜர் தன்னையும் வந்து கூப்பிட வேண்டும். இரண்டு தடவை.