பாப்பாவின் எடையும் மாப்பிள்ளையின் மோட்டாரும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் மாமியாரும் எங்கள் பெண் பாப்பாவும் நலம். அங்கே தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் இங்கே விட்டுச் சென்ற படகு நலம். தங்கள் மோட்டார் ஏறக்குறைய நலம். 'ஏறக்குறைய' என்பதைப் பார்த்ததும் பதற வேண்டாம். உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மேற்கொண்டு படிக்கவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் எது சொன்னாலும் "சரிங்க மாமா" என்கிறீர்கள். வைத்த பிறகு, எதற்குச் சரி என்றீர்கள் என்று உங்கள் மாமியார் என்னைக் குடைகிறாள், எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே சரி சொல்ல முடியாது.

முதலில், அன்று நடந்ததை எனக்குத் தெரிந்த வரையில் எழுதிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் ஏரியைக் கடந்து நம் வீட்டுப் படித்துறையில் இறங்கும்போதே பாப்பாவின் முகம் சரியில்லை. பாதி வழியில் நீங்கள் மோட்டாரை முழுக்க முறுக்கியும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே வந்ததாம், நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டு, "நான் மட்டும் வந்திருந்தா இந்நேரம் எழும்பிப் பறந்திருக்கும். நீ ஏறினாத்தான் இப்படி இழுக்குது" என்றீர்களாம். மாப்பிள்ளை, அது உண்மைதான். பிளைவுட் படகு, அதில் ஒரு குட்டி மோட்டார். ஓர் ஆள் என்றால் படகு தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும், இரண்டு ஆள் என்றால் எழும்பாமல் முக்கும். எடை மேடையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க லாரிகளுக்கு எடை போட்ட எனக்குத் தெரியாதா. ஆனால் உண்மை என்பதற்காக அதைக் கட்டிய மனைவியிடம் சொல்வதா. நான் லாரி டிரைவரிடம்கூட 'பாரம் கூடுதல்' என்பேனே தவிர, 'உன்னால்தான்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிற உங்களுக்கு, எதிரில் உட்கார்ந்திருந்தவள் முகம் மாறியது தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம். அவள் "இனிமே அந்தப் படகுல காலை வைக்க மாட்டேன்" என்றாள். நீங்கள் "அப்ப எனக்கும் அந்தப் படகு வேண்டாம்" என்று படித்துறையிலேயே கட்டிவிட்டு, பஸ் ஏறி, ஏரியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். ரோஷத்தில் இரண்டு பேரும் சரிசமமாக இருக்கிறீர்கள், பொருத்தம் பார்த்ததில் தவறில்லை.

அதிலிருந்து அவள் இங்கேதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், போன் மணி அடித்தால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்புகிறாள். உங்கள் மாமியார், "மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்கிறாள். பெண்களுக்கு எல்லாமே ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். நான் மூலகாரணத்தை யோசித்தேன். பாப்பா ஏறினால் படகு எழும்பவில்லை, அதனால் சண்டை. பாப்பா ஏறியும் படகு எழும்பிவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை. ஆகவே மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவது என்று, தங்கள் அனுமதி இல்லாமல், தங்கள் நன்மைக்காக, முடிவெடுத்தேன்.

இதற்கு நான் பிடித்த ஆள் படகுக் கொட்டகை மெக்கானிக். எதைக் கேட்டாலும் "அரை நூல் தூக்கினா சரியாயிடும்ணே" என்பதால் அவனுக்கு அரைநூல் என்றே பெயர். நூல் என்பது தச்சர் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒன்று. அவன் மோட்டாரின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, தங்கள் மோட்டாரும் அதைவிடப் பெரிய மோட்டாரும் உள்ளே ஒன்றுதான் என்றும், கார்புரேட்டருக்குப் பக்கத்தில் காற்றுப் போகும் வழியில் ஒரு வில்லையை வைத்துக் கம்பெனிக்காரன் மூச்சை இறுக்கியிருக்கிறான் என்றும், அதை எடுத்துவிட்டால் சின்னது பெரியதாகிவிடும் என்றும் சொன்னான். எடுத்தான். கொல்லைப்புறத்தில் தண்ணீர் டிரம்மில் மோட்டாரை மாட்டிக் கிளப்பிப் பார்த்தோம். தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றிவிட்டுத்தான் டிரம்மில் ஓட்ட வேண்டுமாம், அதை அவன் பிறகு சொன்னான். டிரம்மில் இருந்த தண்ணீர் முழுவதும் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போய்விட்டது. தண்ணீர் தீர்ந்த டிரம் தானாக நடந்து போய்த் துணிக் கொடியில் மாட்டிக்கொண்டு நின்றது. அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்து விசிறியை மாற்றினான், இலை அதிகம் முறுக்கிய ஒன்று. அது ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் தள்ளுமாம். விசிறியைப் பிடித்திருக்கும் சின்ன முளை உடைந்துவிட்டது, அதற்குப் பதில் ஆணி அடித்தான். அடுத்து, மோட்டாரை அரை நூல் தூக்கினால் தண்ணீரின் இழுவை குறையும் என்று படகின் பின்பலகை மேல் ஒரு கட்டையை வைத்து மாட்டினான். அரை நூல் என்றால் அரை நூல் இல்லை, உங்கள் மாமியாரின் அரிவாள்மணைக் கட்டை. மோட்டார் ஓடும்போது பக்கவாட்டில் குழந்தை ஒன்றுக்குப் போவதுபோல் ஒரு நீர்த்தாரை வருமே, அது நின்றுவிட்டது. "நின்னா நல்லதுதாண்ணே, தண்ணி மிச்சம்" என்றான். நானும் தலையை ஆட்டினேன். உள்ளே போய் இயந்திரத்தைக் குளிர வைக்கிற தண்ணீர் அது என்பதும், உயரம் கூடியதால் உறிஞ்சும் துளை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது என்பதும் புகை வந்த பிறகு இரண்டு பேருக்கும் தெரிந்தது. கட்டையை எடுத்துவிட்டோம். மோட்டாரின் ஒரு பக்கம் பெயிண்ட் லேசாகக் கருகியிருக்கிறது, இருட்டில் பார்த்தால் தெரியாது.

இதெல்லாம் சரி, வேகம் கூடியதா என்று எப்படிப் பார்ப்பது? பாப்பாவோ படகில் காலை வைக்க மாட்டேன் என்கிறாள். எடையைக் கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் எடை மேடைக்காரன் கண் தப்பாது, பார்த்த மாத்திரத்தில் செருப்பு, வளையல் உட்பட இத்தனை கிலோ என்று மனதுக்குள் போட்டு, அதே எடைக்கு ஒரு சாக்கில் மணலை நிரப்பி, அடையாளத்துக்கு அவளுடைய பழைய ரிப்பனால் வாயைக் கட்டி, அவள் உட்காரும் முன்பலகையில் வைத்து அங்கேயே விட்டுவிட்டேன். அரைநூல் தினமும் மோட்டாரில் எதையாவது திருகிவிட்டு, சாக்கோடு ஏரிக்குள் போய் மிதவையைச் சுற்றி வருவான், நான் படித்துறையில் அவனுக்காக ஆற்றாத தேநீர் ஒரு கிளாஸ் வைத்திருப்பேன். அவன் திரும்பும்போது தேநீர் ஆறியிருந்தால் வேகம் போதாது, சூடாக இருந்தால் முன்னேற்றம். இதற்கு மேல் விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அவன் தூரத்திலிருந்தே "அண்ணே, பாப்பா ஏறியாச்சா?" என்று கத்துவான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

முதல் நாள் தேநீர் பச்சைத் தண்ணீர்போல் இருந்தது. மறுநாள் வெதுவெதுப்பு. அதற்கடுத்த நாள் அவன் ஊதிக் குடித்தான். வில்லையை எடுத்ததால்தான் என்றான், பிறகு விசிறியால்தான் என்றான், நானும் உங்களுக்குப் போன் போட்டு "மோட்டாருக்கு நல்ல காலம் பொறந்திருக்கு" என்றேன், நீங்களும் "சரிங்க மாமா" என்றீர்கள். பிறகு ஒரு நாள் அரைநூலுக்குக் காய்ச்சல் விட்ட அசதி, ஒன்றிலும் கை வைக்கவில்லை, சும்மா ஒரு சுற்று போய் வந்தான். படகு எழும்பி, தண்ணீரில் பட்டும் படாமலும் ஓடி வந்தது. தேநீர் நாக்கைச் சுட்டது. ஒன்றுமே செய்யாத அன்று எப்படி வேகம் கூடும்? சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்புப் பிடிப்புக்காரன் நான், ஒரு கையால் தூக்கினேன்.

குளியலறைக்குப் பின்னால் மணல் மேடாகக் கிடந்தது. உங்கள் மாமியார் அதில் கொஞ்சம் எடுத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மத்தியானம் கண்ணயரும்போதெல்லாம் பாப்பா படியில் நின்றபடியே சாக்கை அவிழ்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மணலை அள்ளி வந்து இங்கே கொட்டிவிட்டு, அதே ரிப்பனை அதே மாதிரி கட்டி வைத்திருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் அவ்ளோ எடையாப்பா?" என்றாள் முதலில்.

"அது வளையலோட சேத்துப் போட்டதும்மா" என்றேன்.

"எவ்ளோ குறைச்சா எழும்புதுன்னு பாத்தேன். பாதி நான் இருந்தா எழும்புது. மீதிப் பாதியை நான் எங்க வச்சிட்டுப் போறது?"

அவள் மணல் மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேகமாப் போகணும்னு நான் எப்பப்பா கேட்டேன்? அந்தக் கடையில நாள் பூரா நின்னுட்டு வராரு, வீட்டுக்கு வந்தா தூங்கிடுறாரு. படகுல போறப்பதான் எதிர்ல உக்காந்து பேசலாம்னு ஏறினேன். மெதுவாப் போனா இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமேன்னு இருந்துச்சு. அவருக்கு நான் பாரமாத் தெரிஞ்சிருக்கேன்" என்று சொல்லி அழுதாள்.

மாப்பிள்ளை, அவள் கல்யாணத்தில்கூட அழவில்லை, நான்தான் அழுதேன். உங்கள் மாமியார் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதைத்தாங்க நான் ஒரு வார்த்தைன்னு சொன்னேன்" என்றாள். அவள் சொன்னது சரி. நான் வில்லை, விசிறி, கட்டை என்று அலைந்ததெல்லாம் வீண்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கடிதம் கண்டதும் பஸ் ஏறி வந்துவிடுங்கள். வந்து, எடை, வேகம், மோட்டார் இந்த மூன்றையும் வாயில் எடுக்காமல், அவள் எதிரில் உட்கார்ந்து பேசுங்கள். என்ன பேசுவது என்று கேட்காதீர்கள், எதையாவது பேசுங்கள். படகை மறந்துவிடுங்கள். அவள் அதில் ஏற மாட்டாள், சத்தியம் செய்திருக்கிறாள். மோட்டாரை அரைநூல் பழையபடி பூட்டிவிட்டான். நாலைந்து திருகு மிச்சம் இருக்கிறது, அது கம்பெனிக்காரன் தேவையில்லாமல் போட்டது என்கிறான். ஆனால் பூட்டியதிலிருந்து அது கிளம்பவே இல்லை. அவனும் நானும் மாற்றி மாற்றிக் கயிற்றை இழுத்து என் தோள்பட்டை இறங்கியதுதான் மிச்சம். அதை இனி யாராலும் கிளப்ப முடியாது. அவளைப் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போங்கள், பஸ்ஸில் இரண்டு பேர் ஏறினாலும் வேகம் குறையாது. அவள் இங்கே இருப்பது எங்களுக்குப் பாரமில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உங்கள் மாமியாரும் மனதார வாழ்த்துகிறோம். மோட்டார் விஷயத்தில் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டும்போது படித்துறையில் மோட்டார் சத்தம் கேட்டது. திருடன் என்று நினைத்துத் தடியோடு ஓடினேன். பாப்பா உட்கார்ந்திருந்தாள். ஒரே இழுப்பில் கிளப்பியிருக்கிறாள். "பெட்ரோல் குழாயைத் திறந்துட்டு இழுக்கணும்பா" என்றாள். எங்கே போகிறாய் என்றேன். "பஸ்ல வரச் சொல்லி நீங்க எழுதி, அவர் படிச்சு, யோசிச்சு வரதுக்குள்ள எனக்கு வயசாயிடும். அவர் இல்லாம வந்தா இது எப்படி எழும்புதுன்னு நேர்ல சொல்லிட்டுக் கூட்டிட்டு வரேன்" என்று முறுக்கினாள். நிஜமாகவே எழும்பியது. நான் தடியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், பஸ்ஸும் ஏற வேண்டாம். இந்தக் கடிதம் வரும் முன் அவள் வந்திருப்பாள். என் கண் கணக்கில் உங்கள் எடை அவளைவிடக் கூடுதல். அதை அவள் சொல்லிக் காட்டினால், கோபப்படாமல் ஏறி முன்பலகையில் உட்காருங்கள். இரண்டு பேர் ஏறினால் படகு எழும்பாது, பொழுது சாய்ந்துதான் வந்து சேருவீர்கள். உங்கள் மாமியார் அடுப்பை நிதானமாகவே பற்ற வைக்கிறேன் என்கிறாள்.