சேலை மணத்த சுருட்டு

அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். கடையில் யாராவது அதை வாங்கினால் கையைப் பிடித்துத் தடுக்கவேண்டும் போலிருக்கும். உருண்டை என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். உருண்டை ஒன்றும் செய்யவில்லை. செய்தவள் நான். அந்தக் கோபத்தை என்மேல் காட்ட ஏலாமல்தான் அதன்மேல் காட்டுகிறேன்.

என் அப்பாவுக்கு, நாங்கள் கூப்பிடுகிறபடி ஐயாவுக்கு, தெற்கே சிங்களப் பக்கத்தில் சுருட்டுக்கடை இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் அதைக் கொளுத்தினார்கள். உடுத்த வேட்டியோடு சொந்த ஊரான புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்த மனுசன் ஆறு மாதம் யாரோடும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்துத் தீவில் உள்ள சரவணையில் இருந்து புகையிலை வாங்கி வந்தார். பனங்கட்டி கரைத்த கோடாப் பாணியைத் தானே காய்ச்சி இலைக்குத் தெளித்தார். தானே இருந்து ஒரு கட்டுச் சுருட்டுச் சுற்றினார். சுருட்டு வாங்கி விற்கும் யாழ்ப்பாணத்து முதலாளி ஒருவர் வெள்ளிக்கிழமை நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டு, லோஞ்ச் படகால் இறங்கிப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சுருட்டு அவருக்குப் பிடித்தால் ஐயாவுக்குத் திரும்பவும் தொழில். பிடிக்காவிட்டால் திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

திங்கட்கிழமை ஐயா மறுபடி இலை பார்க்கச் சரவணைக்குக் கிளம்பினார். சுருட்டுக் கட்டை வாழைச்சருகில் சுற்றி மரப்பெட்டியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நான் வியாழக்கிழமைதான் வருவன். பெட்டி இருக்கிறபடி இருக்கட்டும். வெயில் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, வேறை மணம் கிட்டவும் வரக்கூடாது. சுருட்டு எல்லாத்தையும் உறிஞ்சிப் போடும். விளங்கிச்சோ?”

“ஓம் ஐயா.”

(விளங்கியது. காது நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேலே இருந்ததில்தான் கோளாறு.)

அன்று பின்னேரமே பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வண்டைக் கண்டேன். சுருட்டுக்கு வண்டு விழுந்தால் துளைத்துவிடும் என்று ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன். உயர்தரத்தில் விலங்கியல் படித்தவள் நான் (பெறுபேற்றைத் தயவுசெய்து கேட்காதீர்கள்). ஒரு வண்டிடம் தோற்பேனா? கட்டைத் தூக்கி அம்மாவின் கூறைச்சேலைக்குக் கீழே வைத்து, சுற்றிவர எட்டுப் பூச்சி உருண்டை போட்டு, அலுமாரியைப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை திறந்தபோது வண்டு இல்லை. சுருட்டு மணமும் இல்லை.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எருமை, நிறுத்தினேனா? உருண்டை மணம் போகட்டும் என்று கட்டை அவிழ்த்து, கிணற்றுக்கட்டில் உச்சி வெயிலில் பரப்பினேன். மணம் அப்படியே இருந்தது. இலைதான் அப்பளம் மாதிரி நொறுங்கத் தொடங்கியது. பதறிப்போய்த் தண்ணீர் தெளித்து, பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு இறுக்கி மூடினேன். வியாழன் காலையில் திறந்தால், ஒவ்வொரு சுருட்டும் பவுடர் பூசியதுபோல் பூஞ்சணத்தோடு கிடந்தது. துடைத்தேன். நாற்றம் கிளம்பியது. அதை அடக்க அம்மாவின் ஓடிக்கொலோன் வாசனைப் போத்தலை எடுத்துத் தெளித்து, திரும்பவும் கட்டாகக் கட்டிப் பெட்டியில் வைத்தேன். ஐயா சொன்ன மூன்றில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

“என்னடி, வீடெல்லாம் கலியாண வீடு மாதிரி மணக்குது?” என்று குசினியில் இருந்து அம்மா கேட்டார்.

“மேசை துடைச்சனான் அம்மா.”

அன்று மாலை ஐயா களைத்து வந்தார். “பெட்டி பத்திரமோ?” என்றார். “ஓம்” என்றேன். நம்பினார். அந்த நம்பிக்கையை நினைக்க இப்போதும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதலாளி நெற்றி நிறைந்த திருநீறும் கூடவே தன் டிரைவருமாக வந்து கதிரையில் சாய்ந்தார். கட்டின் முடிச்சை வாங்குகிறவரே அவிழ்க்கவேண்டும் என்பது ஐயாவின் கொள்கை. பெட்டியைத் திறந்து நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. ஐயாவின் முடிச்சு வேறு. கட்டில் இருந்தது தலைப்பின்னலுக்கு ரிபன் கட்டும் என் முடிச்சு. ஐயா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

முதலாளி ஒன்றைப் பற்றவைத்து இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். கண்ணால் தண்ணீர் வர இருமினார்.

“என்னண்ணை இது, பத்திறதுக்கோ, சேலைக்குள்ளை வைக்கிறதுக்கோ?” என்று சிரித்தார். டிரைவரும் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம் அந்த மனுசன். “இதைத்தான் அங்கையும் வித்தனீங்களோ? அதுதான் கடையைக் கொளுத்தினவங்கள் போலை!”

கையில் இருந்த தேநீரை அவர் தலையில் ஊற்றியிருக்கவேண்டும். ஊற்றவில்லை என்ற எரிச்சல் இன்றுவரைக்கும் அடங்கவில்லை. “நான்தான்...” என்று வாய் திறந்தேன்.

“நீர் உள்ளை போம் பிள்ளை,” என்றார் ஐயா. ஐயா என்னை நீர் போட்டுப் பேசியது அன்றுதான். பிறகு முதலாளியிடம் திரும்பி, “என்ரை பிழைதான். பதம் தவறிப் போச்சுது,” என்றார். நாற்பது வருடம் சுருட்டுச் சுற்றிய கைக்குப் பதம் தவறியதாம்!

முதலாளி போனபின் ஐயா தானே ஒன்றைப் பற்றவைத்தார். ஏசப் போகிறார் என்று கதவுக்குப் பின்னால் காத்து நின்றேன். நாலு இழுவை இழுத்தார்.

“ஓடிக்கொலோனோ?”

“ஓம் ஐயா.”

“கொம்மாவின்ரையோ?”

“ஓம்.”

“அவவுக்குச் சொல்லிப் போடாதை. கொன்றுபோடுவா.”

அவ்வளவுதான். ஏசியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். ஏசாமல் என்னை ஆயுளுக்கும் மாட்டிவிட்டார்.

நான் சொல்லவில்லை. டிரைவர் வாயால் ஊரே சொன்னது. ஐயா அதன் பிறகு ஊருக்குள்ளேயே சுருட்டுச் சுற்றி விற்றார். நல்ல சுருட்டு. ஆனால் வாங்க வந்த ஒவ்வொருவனும் முதலில் மூக்கில் வைத்து மணந்துவிட்டுத்தான் வாயில் வைத்தான். எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் நான் எதை நீட்டினாலும், பலகாரமோ பிள்ளைக்குச் சட்டையோ, எல்லாரும் மணந்து பார்ப்பார்கள். சிரிப்பார்கள். எனக்கு விசர் வரும்.

தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருந்தபோது ஐயா போய்விட்டார். சவப்பெட்டியை மூடுமுன், அவர் சுற்றி மிஞ்சியிருந்த சுருட்டு ஒன்றை நான் எடுத்து வந்தேன், அவர் கையருகே வைக்க. அதுவரை ஓயாமல் அழுதுகொண்டிருந்த அம்மா அழுகையை நிறுத்தி, அதை என் கையில் இருந்து பறித்து, மூக்கருகே கொண்டுபோய் நன்றாக மணந்து பார்த்தார்.

“இது சரி,” என்று சொல்லி வைத்துவிட்டு, மறுபடி அழத் தொடங்கினார்.