வாடைக் காற்றுக்கு மூன்று சாட்சிகள்

இயேசு மரி சூசை துணை

பாம்பன்,
3-2-1960

அன்பு மகன் சிரஞ்சீவி எட்வர்டுக்கு, அய்யா சவேரியார் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காதை மூடிக்கொண்டு, மூன்று வேளையும் சூடாக ஏதாவது தின்று, சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

நீ அனுப்பிய ஆகாயத் தபால் இரண்டு வாரத்துக்கு முன் வந்தது. கூடவே உன் முதல் கட்டுரையும் வந்தது. உன் ஆங்கில ஆசிரியை மிஸ் பார்க்கர் அதன் மேல் போட்டிருந்த சிவப்பு மையைப் பார்த்தால் யாரோ அந்தக் காகிதத்தில் வைத்து மீன் அறுத்தது போல இருந்தது. உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, சிவப்பு தெரியுமே. "என்னங்க, பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?" என்று பதறிவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, இங்கிலீஷுக்குத்தான் என்று சொல்லித் தேற்றினேன். அடுத்த கட்டுரையும் தேறாவிட்டால் உன்னைப் புவியியல் வகுப்பில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு வருஷத்துக்கென்று போனவனை ஆறே மாதத்தில் கப்பலேற்றிவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்ததை மட்டும் அவளுக்கு வாசிக்கவில்லை. யார் குற்றம் என்று நீ எழுதவில்லை. அது உன் நல்ல குணம். நான் எழுதுகிறேன். குற்றம் என்னுடையது.

நவம்பரில் அந்தக் கட்டுரையை, "அய்யா, ஒரு பார்வை பார்த்து அனுப்புங்கள்" என்று அனுப்பினாய். முப்பத்திரண்டு வருஷம் தந்தி ஆபீசில் வார்த்தை எண்ணிய கை ஒரு பார்வையோடு நிற்குமா? 'தி' என்ற இங்கிலீஷ் வார்த்தையைத் தந்தியில் யாரும் அனுப்பி நான் பார்த்ததில்லை. அது இல்லாமலே ஜனங்கள் பிறந்திருக்கிறார்கள், செத்திருக்கிறார்கள், கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. சேதி புரியவில்லை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. உன் கட்டுரையில் அது நூற்று நாற்பத்து மூன்று இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அடித்தேன். 'ஆகையால்', 'இருந்தபோதிலும்', 'மேற்கூறிய காரணங்களால்' எல்லாம் அடித்தேன். கடைசியில் இடம் மிச்சமிருந்தது, 'பதில் உடனே' என்று சேர்த்தேன். நீ அய்யா பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவன், அப்படியே படியெடுத்துக் கொடுத்துவிட்டாய். அந்த இடத்தில் மிஸ் பார்க்கர், 'யாரிடமிருந்து?' என்று கேட்டிருப்பது நியாயம்தான்.

இரண்டாவது கட்டுரைக்கு, பெரிய வார்த்தை வேண்டாம், ஒரு வாதமும் அதற்குச் சாட்சியமும் வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். நம் ஊரில் தென்மேற்குக் கச்சான் காற்று ஓய்ந்து வடக்கே இருந்து வாடைக் காற்று பிறப்பதை ஜனங்கள் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்று எழுதப் போவதாகவும், மூன்று பேரிடம் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே பெயர், வயது, ஊரோடு எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். 'தயவுசெய்து ஒன்றையும் அடிக்காதீர்கள்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். பார்த்தேன்.

மறுநாளே ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாகக் கடற்கரைக்குப் போனேன். அலியாரின் வத்தையில் கடலுக்குப் போகும் இருளாண்டி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். முறைப்படி ஆரம்பிப்போம் என்று, "இருளாண்டி, எனக்கு ஒரு வாதத்துக்குச் சாட்சி வேணும். பேரு, வயசு, ஊரு சொல்லு" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"தந்தி அய்யா, சத்தியமா அந்த வத்தையில நான் ஏறலை. ரெண்டு மாசமா இலங்கைப் பக்கம் தலைவச்சுக் கூடப் படுக்கலை."

"எந்த வத்தை?"

"நீங்க கேட்க வந்த வத்தைதான்!"

சொல்லிவிட்டு வலையைப் போட்டது போட்டபடி ஓடிவிட்டான். அவன் ஓடியதைப் பார்த்து அடுத்தவன் ஓடினான். கால் மணி நேரத்தில் கடற்கரையில் நானும் இரண்டு நாயும்தான் மிச்சம். பென்ஷன் வாங்கிய சவேரியாரைச் சர்க்கார் சுங்கத்துக்கு உளவு பார்க்கப் போட்டிருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் உச்சிப்புளி வரைக்கும் சேதி போய்விட்டது. நான் அனுப்பிய தந்தி ஒன்றுகூட அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

மறுநாள் அலியாரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "என்ன சவேரியாரே, யார் மேல வழக்கு? நமக்குள்ள பேசித் தீர்த்துக்கிடலாமே" என்றார். உன் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். தோளில் கிடந்த துண்டு நழுவி விழும்வரை சிரித்தார். "இதுக்கா கோட்டு? எழுதிக்கிடுங்க. வாடை பொறந்தா வடகடல் கலங்கும், தென்கடல் தெளியும். பாலத்துல நின்னு ரெண்டு பக்கமும் பார்த்தாப் போதும்." இதற்குள் இருளாண்டியும் தைரியமாக வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

"கடல் கலங்குன பொறவு யாருக்குத்தான் தெரியாது? தும்பி கூட்டங்கூட்டமா வந்து தாழப் பறக்கும், அதுதான் அடையாளம்."

"தும்பி ஆடியிலயுந்தான் பறக்குது. அப்ப அது வாடையா?"

"ஆடித் தும்பி வேற, இது வேற."

"ஏலே, எனக்கே கடல் சொல்லித் தாரியா?"

பேச்சு முற்றி, "அப்ப நீ தும்பி மேலயே ஏறித் தொழிலுக்குப் போ, என் வத்தைக்கு வராத" என்று அலியார் சொல்லிவிட்டார். இருளாண்டி வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பிழைப்பு அது. நான் நோட்டில் 'அலியார், கடல். இருளாண்டி, தும்பி. தகராறு' என்று எழுதிக்கொண்டு வீடு திரும்பினேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குப் படிப்புத் தேடப் போய் ஒருவன் வேலைக்கு உலை வைத்துவிட்டேனே.

உன் அம்மா நோட்டை வாங்கி, என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இம்புட்டுத்தானா?" என்றாள். "சேதி அவ்வளவுதான்" என்றேன். அவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "வீட்டுலயும் இருவத்தாறு வருஷமா இப்படித்தான் பேசுறீக. சோறு. தண்ணி. கொடை. போறேன். நானும் அதுலயே எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டேன். வெள்ளைக்காரம்மாவுக்கு என்ன தலையெழுத்தா? முழுசாச் சொல்லுங்க." சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேரும் சொல்றது சரிதான். தும்பி முந்தி வரும், கடல் பிந்தி மாறும். ஒருத்தரு வாசல்ல நிக்கிறதச் சொல்றாரு, ஒருத்தரு வீட்டுக்குள்ள வந்ததச் சொல்றாரு. இதுக்குப் போயா சண்டை?"

எட்வர்டு, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிஸ் பார்க்கர் கேட்ட வாதம் இதுதானே!

மறுநாள் மீன் வாங்கப் போகிறவள் போல உன் அம்மாவே கூடையோடு போனாள். அலியார் வீட்டுப் பெண்களிடம் அரை மணி நேரம், இருளாண்டி பெண்டாட்டியிடம் ஒரு மணி நேரம். என்ன பேசினாள் என்று தெரியாது. திங்கட்கிழமை விடியற்காலை இருளாண்டி அலியாரின் வத்தையில் போனான். கூடையோடு போன அன்றே, திரும்பி வரும்போது உன் அம்மா மூன்றாவது சாட்சியையும் கொண்டு வந்துவிட்டாள். கருவாடு விற்கும் கருத்தம்மாள் சொன்னதாம். சொன்னபடியே எழுதியிருக்கிறேன்:

"கச்சான் அடிக்கிற வரைக்கும் காயப்போட்ட கருவாட்டுல மணல் ஒட்டும். வாடை பொறக்குற அன்னைக்கு உச்சிப்பொழுதுல காத்து அப்படியே நின்னுரும். கொடியில துணி ஆடாது. தொட்டில்ல கிடக்கிற பிள்ளை காரணமில்லாம அழுவும். கொஞ்ச நேரத்துல துணி தெக்குப் பக்கமா ஆடும். அம்புட்டுத்தான், வந்துருச்சுன்னு அர்த்தம்."

மூன்று பேர் சொன்னதும் பதினான்கு பக்கம் வந்திருக்கிறது, தனியே இணைத்திருக்கிறேன். ஒன்றையும் அடிக்கவில்லை. வார்த்தை எண்ணாமல் எழுதுவது முதலில் சட்டை போடாமல் தெருவில் நடப்பது போல இருந்தது, நாலாவது பக்கத்துக்கு மேல் நிறுத்த முடியவில்லை. 'தி' எங்கெங்கே வேண்டுமோ அங்கெல்லாம் நீயே தாராளமாகப் போட்டுக்கொள், அய்யா குறுக்கே வர மாட்டேன்.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள் அம்மா. அங்கே எண்ணெய் உறைந்துவிடும் என்றால் நம்ப மறுக்கிறாள். உன் பேனாவுக்கும் புத்திக்கும் ஆண்டவர் துணை நிற்கட்டும், உன் கட்டுரையில் இனி சிவப்பு படாதிருக்கட்டும் என்று ஜெபித்து முடிக்கும்,

உன் அய்யா,
ம. சவேரியார்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் எல்லாவற்றையும் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது சாட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "அது கருத்தம்மா சொன்னதில்லங்க. அன்னைக்கு அவ ராமநாதபுரம் போயிட்டா" என்றாள். பின்னே யார் என்றேன். "நாந்தான். பெத்தவ சொன்னதச் சாட்சின்னு அந்த மிஸ்ஸம்மா ஒத்துக்கிடுவாகளோ என்னமோன்னு அவ பேரச் சொன்னேன்" என்றாள். ஆகையால், மேற்கூறிய காரணங்களால், கருத்தம்மாள் என்று வரும் இடத்திலெல்லாம் அருள்மேரி என்று வாசித்துக்கொள். தாய் சாட்சி சொன்னால் செல்லுமா என்று மிஸ் பார்க்கரிடம் கேள். செல்லாது என்றால் நான் அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறேன். இத்தனை வருஷம் இவளுக்குக் காற்று தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, எட்வர்டு. நான் கேட்டதில்லை. இவள் வயதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நாற்பத்தாறா நாற்பத்தேழா என்று இப்போது கேட்டேன். "சொன்னதச் சொன்னபடி எழுதணும்ல? நாப்பதுன்னு போடுங்க" என்கிறாள். போட்டுவிட்டேன்.